நிலாவெளியில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது

நிலாவெளியில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. மூன்று அறை, கடலைப் பார்த்த விறாந்தை, முற்றத்தில் இரண்டு தென்னைக்கு நடுவில் கட்டிய வலை ஊஞ்சல். பதினொரு நாள் அது எங்களுடையதாக இருந்தது. யாருக்கு எந்த அறை, ஊஞ்சலில் முதலில் யார், கோழி சுடுவதற்கு அடுப்பு எந்த மூலையில் என்று எல்லாம் பிரித்தாகிவிட்டது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு அந்த வீடு இல்லாமல் போனது.

இதை எழுதுகிற நாங்கள் எட்டுப் பேர். எல்லோரும் கந்தளாய். சின்ன வயதில் ஒன்றாகப் படித்தவர்கள், ஒரே பஸ்ஸில் தொங்கியவர்கள். இப்போது ஒருத்தி கார்மென்ட்டில், ஒருவன் கொழும்பில், இரண்டு பேர் கெம்பஸில், ஒருத்தி பாலர் பாடசாலை ரீச்சர், மற்றவர்கள் வீடு, கடை, வயல். எட்டுப் பேரில் ஒருவன் கட்டாருக்குப் போக இருந்தான். விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாயிற்று. இரண்டு வருஷ ஒப்பந்தம். அவன் போவதற்கு முன் எல்லோரும் ஒன்றாக இரண்டு இரவு எங்கேயாவது தங்க வேண்டும் என்பதுதான் திட்டம்.

எங்கள் ஊரில் இது சின்ன விஷயமில்லை. எட்டுப் பேரில் மூன்று பேர் பெண்கள். ஆணும் பெண்ணுமாக வெளியில் இரவு தங்குவதற்கு வீட்டில் ‘ஓம்’ வாங்குவது என்றால் மூன்று வாரப் போராட்டம். கடைசியில் ஒருத்தியின் அக்காவும் அத்தானும் கூட வருவதாகச் சொன்ன பிறகுதான் மூன்று வீட்டிலும் சம்மதம் கிடைத்தது. அதுவும் “இந்த ஒரு முறைதான்” என்ற நிபந்தனையோடு.

போயாவோடு சேர்ந்து வந்த நீண்ட வார இறுதி. ஓகஸ்ட் மாதம், கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும் பருவம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அறை கிடைப்பதே கஷ்டம். எங்களில் ஒருத்தர் ஒரு சமூக ஊடகப் பக்கத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தார். ஒரு இரவுக்கு 24,000 ரூபாய். முழு வீடும் எங்களுக்கே. படங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தின. கீழே “நல்ல இடம்”, “அருமையான கவனிப்பு” என்று பின்னூட்டங்கள். வாட்ஸ்அப்பில் பேசினோம்.

பேசியவன் நல்ல தமிழ் பேசினான். நாங்கள் கந்தளாய் என்றதும், “நானும் உங்கட பக்கந்தான் தங்கச்சி, முள்ளிப்பொத்தானையில எங்கட மாமி வீடு இருக்கு” என்றான். இன்னொன்றும் கேட்டான்: “ஆம்பிள பொம்பிள கலந்து வாறீங்க போல, வீட்டில தெரியுமா? பெரியாக்கள் ஆரும் வாறாங்களா? இது குடும்ப வீடு, தண்ணி கிண்ணி எல்லாம் இஞ்ச சரிவராது.” நாங்கள் அவனை நம்பியதற்கு மற்ற எதையும் விட இந்தக் கேள்விதான் காரணம். எங்கள் அம்மாமார் கேட்கிற கேள்வியை அவன் கேட்டான். அந்தக் குரல் பதிவை ஒருத்தி வீட்டில் போட்டுக் காட்டினாள். “நல்ல மனுசன் போல இருக்கு” என்றார் அவளுடைய வாப்பா.

முதலில் பாதி முற்பணம், 24,000 ரூபாய். எல்லோரிடமும் சேர்த்து அனுப்பினோம். உடனே ஒரு ரிசீட் வந்தது. நான்காம் நாள் ஒரு செய்தி: “வேற பார்ட்டி ஒண்டு முழுக் காசும் இப்பவே தாறம் எண்டு நிக்குது. நீங்க முதல் கேட்ட ஆக்கள், அதால உங்களுக்குச் சொல்றன். மிச்சத்த இண்டைக்குக் கட்டினா பத்து வீதம் குறைச்சுத் தாறன்.” மொத்தம் 48,000இல் பத்து வீதம் போக 43,200. மிச்சம் 19,200. ஆளுக்கு 5,400 என்று சரியாகப் பிரிந்தது. அதுவே ஒரு நல்ல சகுனம் போலப் பட்டது. அன்றிரவே அனுப்பிவிட்டோம். புறப்படுவதற்கு முதல் நாள் மூன்றாவது செய்தி: சாமான் உடைந்தால் பிடிப்பதற்கு வைப்புப் பணம் 15,000, போகும்போது திருப்பித் தருவோம். சாப்பாட்டுக்கென்று வைத்திருந்த காசில் அதையும் அனுப்பினோம்.

ஆக 58,200 ரூபாய்.

வெள்ளிக்கிழமை காலை. கொழும்பில் இருந்தவன் இரவு ரயிலில் வந்து கந்தளாய் ஸ்டேஷனில் இறங்கி, முகம் கழுவி நேரே வானில் ஏறினான். தம்பலகாமம் சந்தி தாண்டும் வரைக்கும் பாட்டுத்தான். ஜும்ஆவுக்கு வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்குப் போகலாம் என்று பையன்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். லொக்கேஷன் சரியாக ஒரு கேற்றுக்கு முன்னால் கொண்டுபோய் விட்டது. வீடு இருந்தது! படத்தில் பார்த்த அதே வீடு. அதே தென்னை, அதே ஊஞ்சல். ஊஞ்சலில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஐயா கேற்றடிக்கு வந்தார். எங்களையும் வானையும் கூரையில் கட்டியிருந்த பைகளையும் பார்த்தார். நாங்கள் வாய் திறப்பதற்கு முன்னமே அவருக்கு விளங்கிவிட்டது.

“காசு கட்டிட்டீங்களா மக்கள்?”

“ஓம் ஐயா.”

“எல்லாத்தையுமா?”

யாரும் பதில் சொல்லவில்லை.

“இந்த மாசம் நீங்க மூண்டாவது ஆக்கள்.”

போன் எடுத்தோம், ஓய்த்து வைக்கப்பட்டிருந்தது. வாட்ஸ்அப்பில் ஒற்றைச் சரி. அவனுடைய படமும் மறைந்திருந்தது. ஐயா எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றித் தந்தார். அந்தத் தேநீரைக் குடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றபோது ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: “இனி எங்கள ஒரு இடத்துக்கும் விடமாட்டாங்க.” 58,200 ரூபாயை விட அது பெரிய இழப்பு என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது. எங்களில் மற்ற ஐந்து பேருக்கும் அது புரியக் கொஞ்ச நாள் ஆனது.

அன்றைக்குக் கடற்கரையில் பின்னேரம் வரை இருந்தோம். குளித்தோம், கொத்து வாங்கிச் சாப்பிட்டோம், படம் எடுத்தோம். ஒரு படத்திலும் ஒருவர் முகமும் சரியில்லை. இரவு பத்துக்கு ஊர் வந்து சேர்ந்தோம்.

வங்கியின் அவசர இலக்கத்துக்குக் கடற்கரையில் இருந்தே அழைத்திருந்தோம். முறைப்பாட்டு இலக்கம் ஒன்று தந்தார்கள். செவ்வாய்க்கிழமை நேரில் போனபோதுதான் விஷயம் விளங்கியது. நாம் போனில் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனே காசு அனுப்புகிறோமே, அதற்குப் பின்னால் இருப்பது 2015இல் இலங்கையில் தொடங்கிய ‘செஃப்ட்ஸ்’ என்ற முறை. இரவு பகல், போயா, ஞாயிறு பார்க்காது. சில விநாடியில் காசு போய்விடும். அதே விநாடியில் அந்தப் பக்கத்தவன் எடுக்கவும் முடியும். நாங்கள் அனுப்பிய மூன்று தொகையும் வந்த சில நிமிடத்திலேயே எடுக்கப்பட்டிருந்தன. பெயர் எழுதும் கட்டத்தில் நாங்கள் என்ன எழுதியிருந்தாலும் காசு போயிருக்கும், போகுமிடத்தைத் தீர்மானித்தது கணக்கு இலக்கம்தான் என்றார் அங்கிருந்த உத்தியோகத்தர்.

கணக்கு அவன் பெயரில் இல்லை. இதை நாங்கள் முதல் நாளே கவனித்தோம். கேட்டபோது “அது அக்காட எக்கவுண்ட்” என்றான். இப்படியான கணக்குகள் பெரும்பாலும் வாடகைக்கு எடுக்கப்பட்டவை. காசுக் கஷ்டத்தில் இருக்கும் யாரோ ஒருவர் தன் கணக்கையும் அட்டையையும் சில ஆயிரம் ரூபாய்க்குக் கொடுத்துவிடுவார். பொலிஸ் தேடிப் போனால் அகப்படுவது அவர்தான். எங்கள் காசு போன கணக்குக்குச் சொந்தக்காரரும் எங்களைப் போல ஏமாந்த ஒருவராக இருக்கலாம்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது கிடைத்த பதில் உங்களுக்கும் தெரிந்திருக்கும். “இவ்வளவு படிச்சு என்ன?” “நிலாவெளி என்ன அமெரிக்காவா? ஒருக்கா போய்ப் பாத்திருக்கலாமே?”

பார்த்திருக்கலாம். அதுதான் சுட்டது. கந்தளாயில் இருந்து மோட்டார் சைக்கிளில் போனால் ஒரு மணித்தியாலம் கொஞ்சம் கூட. எங்களில் ஒருவனுக்கு வாரத்துக்கு இரண்டு முறை திருகோணமலைக்குப் போகிற வேலை. அந்தப் பதினொரு நாளுக்குள் அவன் மூன்று தரம் போய் வந்திருக்கிறான்.

சனிக்கிழமை இரவு எங்கள் வாட்ஸ்அப் குறூப்பில் சண்டை தொடங்கியது. “யார் அந்தப் பக்கத்தக் கண்டுபிடிச்சது?” “யார் காசு அனுப்பினது?” “வைப்புப் பணம் கேட்டப்பவே எனக்குச் சந்தேகம்” என்றான் ஒருவன், அப்போது ஒன்றும் சொல்லாதவன். கண்டுபிடித்தவரும் அனுப்பியவரும் ஒரே ஆள்தான். அவர் ஆணா பெண்ணா என்பதைக்கூட நாங்கள் இங்கே எழுதப்போவதில்லை. ஞாயிறு விடியும்போது அவர் குறூப்பை விட்டு வெளியேறியிருந்தார்.

செவ்வாய் பின்னேரம் அவர் எங்களில் ஒருவன் வீட்டுக்கு வந்து ஒரு என்வலப்பை நீட்டினார். உள்ளே 30,000 ரூபாய். “மிச்சத்த மாச முடிவில தாறன்” என்றார். எங்கிருந்து என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. பிறகு தெரிந்தது, பஜாரில் ஒரு கடைக்கு மடிக்கணினியை விற்றிருக்கிறார். படிப்புக்கென்று வீட்டில் கடன்பட்டு வாங்கிக் கொடுத்தது.

அன்றிரவு நாங்கள் ஏழு பேரும் குளக்கட்டுக்குப் போய் உட்கார்ந்தோம். யாருக்கும் பேச முடியவில்லை. ஒருத்தி போனை எடுத்து, குறூப்பின் பழைய செய்திகளை முதலிலிருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். பதினொரு நாள் செய்திகள். அவர் வீட்டின் படங்களைப் போட்டுக் கேட்டிருந்தார்: “இது ஓகேவா? யாராவது ஒருக்கா செக் பண்ணுங்க.” அதற்குக் கீழே ஏழு கட்டைவிரல். அவ்வளவுதான். இரண்டாம் முறை காசு கேட்டு வந்தபோது அவர் எழுதியது: “அனுப்பட்டா? எனக்கு என்னவோ போல இருக்கு.” பதில்கள்: “அனுப்பு மச்சான்”, “வேற பார்ட்டி எடுத்திடும்”, ஒரு சிரிப்பு, இரண்டு கட்டைவிரல்.

அவர் இரண்டு தரம் கேட்டிருந்தார். ஏழு பேரும் இன்னொருத்தர் பார்த்திருப்பார் என்று நினைத்தோம். ‘நாங்கள்’ பார்த்தோம் என்று ஒவ்வொருவரும் நம்பினோம், உண்மையில் யாரும் பார்க்கவில்லை. ஓம் சொல்லும்போது எட்டுப் பேராக இருந்த நாங்கள், காசு போன பிறகு ஏழு பேரும் ஒரு குற்றவாளியும் ஆகிவிட்டோம்.

அடுத்த நாள் காலை கடை திறக்கும்போது அந்த 30,000 ரூபாயோடு வாசலில் நின்றோம். மடிக்கணினி இன்னும் விற்கப்பட்டிருக்கவில்லை. கடைக்காரர் கதையைக் கேட்டுவிட்டு ஆயிரம் ரூபாய் மட்டும் மேலதிகமாக எடுத்துக்கொண்டார். அதை அவருடைய வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தோம். மன்னிப்புக் கேட்பதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. “குறூப்பில திரும்பச் சேர்த்திருக்கிறம், ஏத்துக்கொள்” என்றுதான் சொன்னோம்.

பொலிஸுக்குப் போக முதலில் எங்களுக்கு விருப்பமில்லை. காசு வரப்போவதில்லை, வெட்கம்தான் மிச்சம். மனதை மாற்றியது ஒரு சின்ன விஷயம். அவன் ‘புக்கிங் பதிய’ என்று எங்களில் இரண்டு பேரின் அடையாள அட்டைப் படத்தை வாங்கியிருந்தான். எங்களை நம்பவைக்க அவனும் ஒரு அடையாள அட்டையின் படத்தை அனுப்பியிருந்தான். ஒருத்திக்குத் திடீரென்று விளங்கியது: “அது அவன்ட அட்டையாக இருக்காது. எங்களுக்கு முதல் ஏமாந்த ஆரோ ஒராள்ட அட்டை. அப்ப இனி ஏமாறப்போற ஆக்களுக்கு எங்கட அட்டை போகும்.”

அன்றே போனோம். ஸ்க்ரீன்ஷொட், ரிசீட், கணக்கு இலக்கம், குரல் பதிவு எல்லாம் கொண்டுபோனோம். நாங்கள் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதினார்கள். எங்களில் சிங்களம் நன்றாக வாசிக்கத் தெரிந்தவன் ஒருவன் இருந்ததால் ஒவ்வொரு வரியாக வாசித்துப் பார்த்து, அட்டை விஷயம் விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லி, பிறகுதான் கையொப்பம் வைத்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அந்தப் பிரதியில் இருக்கும் திகதிதான் நாளைக்கு உங்கள் அட்டையை வைத்து யாராவது ஏமாற்றினால் உங்களைக் காப்பாற்றும்.

ஏன் இப்படி ஏமாறுகிறோம் என்று பிறகு நிறைய யோசித்தோம். ஏர்பிஎன்பி போன்ற தளங்கள் “எங்கள் தளத்துக்கு வெளியே காசு கட்டாதீர்கள்” என்று சொல்கின்றன. நல்ல அறிவுரை. ஆனால் எங்கள் பக்கத்தில் எத்தனையோ நேர்மையான சிறிய விடுதிக்காரரும் வாட்ஸ்அப்பில்தான் பேசுகிறார்கள், வங்கிக் கணக்குக்குத்தான் முற்பணம் கேட்கிறார்கள். கள்வனும் நல்லவனும் ஒரே மாதிரித்தான் காசு கேட்கிறார்கள். கடனட்டையில் கட்டினால் பிறகு வங்கியிடம் தகராறு எழுப்ப ஒரு வழி உண்டு. எங்கள் எட்டுப் பேரில் யாரிடமும் கடனட்டை இல்லை. திரும்பி வராத வழியில்தான் எங்களால் காசு கட்ட முடியும்.

இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. 2025 ஏப்ரலில் இந்திய உள்துறை அமைச்சின் கீழுள்ள இணையக் குற்றத் தடுப்பு மையம் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. கேதார்நாத் ஹெலிகொப்டர், யாத்திரிகர் விடுதி, ஹோட்டல் என்று போலிப் பக்கங்கள் போட்டு, முற்பணம் வாங்கிக்கொண்டு மறைகிறார்கள் என்று. பிரித்தானியாவில் 2020 முதல் பெரிய வங்கிகள் காசு அனுப்பும் முன் பெயரும் கணக்கும் பொருந்துகிறதா என்று காட்டத் தொடங்கின. 2024 ஒக்டோபர் 7 முதல், இப்படி ஏமாந்து தானே அனுப்பியவருக்கும் பெரும்பாலும் வங்கிகள் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. உச்ச வரம்பு 85,000 பவுண்ட். கொடுத்த வங்கியும் வாங்கிய வங்கியும் பாதிப் பாதி. இதை வாசித்தபோது எங்களுக்கு எங்கள் குறூப்தான் ஞாபகம் வந்தது. பட்டனை அழுத்தியவர் தலையில் எல்லாவற்றையும் போடாமல், வழியில் இருந்த எல்லோரும் பங்கெடுக்க வேண்டும் என்று அங்கே சட்டமே சொல்கிறது.

இங்கே அந்தச் சட்டம் வரும் வரைக்கும் நாங்கள் செய்வது இதுதான். காசு அனுப்ப முன் ஒருவர் பெயரைக் குறித்துச் சொல்கிறோம்: “நீ பார்.” பார்ப்பது என்றால்: படத்தை கூகிள் லென்ஸில் போட்டு அது வேறு எந்தப் பெயரில் இருக்கிறது என்று தேடுவது. கூகிள் வரைபடத்தில் அந்த இடத்துக்கு இருக்கும் இலக்கத்துக்கு அழைத்து, இந்த ஆள் உங்கள் ஆள்தானா என்று கேட்பது. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவு இலக்கம் கேட்டு, சபையின் இணையத்தளப் பட்டியலில் பார்ப்பது. சான்றிதழின் படத்தை நம்புவதில்லை, படம் யாரும் செய்யலாம். கேற்றடியில் நின்று வீடியோ கோல் எடுக்கச் சொல்வது. பேசுகிறவர் பெயரும் கணக்கின் பெயரும் வேறாக இருந்தால் அத்தோடு நிறுத்துவது. கிட்டடி என்றால் ஒருவர் நேரில் போவது.

பிழைத்துப்போனால்: உடனே வங்கியின் அவசர இலக்கம், பிறகு எழுத்தில் முறைப்பாடு. வங்கியின் பதில் திருப்தியில்லை என்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவு, 1935. இணையக் குற்றம் பற்றி ஆலோசனை கேட்க இலங்கை சேர்ட், 101. கூடவே பொலிஸ். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ‘இதுக்கெல்லாம் கேஸ் இல்லை’ என்று யாராவது சொன்னால் அதை ஞாபகப்படுத்துங்கள்.

காசு இன்னும் வரவில்லை. கட்டாருக்குப் போனவன் போன பிறகு ஒரு நாள் குரல் அனுப்பியிருந்தான். அறையில் இருப்பவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னானாம். ஆறு பேரில் இரண்டு பேர் ஊரில் இதேமாதிரி ஏமாந்தவர்கள். ஒருவர் இதுவரை மனைவிக்கே சொல்லவில்லையாம்.

மூன்று பெண்களின் வீட்டுக்கும் நாங்கள் எட்டுப் பேரும் ஒன்றாகப் போய் நடந்ததை முழுதாகச் சொன்னோம். யார் அனுப்பியது என்று கேட்டார்கள். “நாங்கள்” என்றோம். ஒரு வீட்டில் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது: அடுத்த முறை பகலில் போய்ப் பின்னேரம் திரும்பலாம். இன்னொரு வீட்டில் யோசிக்கிறார்கள். மூன்றாவது வீட்டில் இன்னும் இல்லைதான். அங்கே திரும்பவும் போவோம்.

உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் இன்றைக்கே யாருக்காவது சொல்லுங்கள். நாங்கள் கேற்றடியில் நின்றபோது அந்த ஐயா “மூண்டாவது ஆக்கள்” என்றாரே, முதல் இரண்டு கூட்டமும் எங்கேயாவது சத்தமாகச் சொல்லியிருந்தால், தேடியபோது அது எங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். அதனால்தான் அந்த வீட்டின் கூகிள் பக்கத்தில், சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு, நடந்ததை மூன்று மொழியிலும் எழுதிப் போட்டிருக்கிறோம். இங்கே எழுதுவதும் அதற்காகத்தான்.